ஆற்றுக்கு இந்தப் பக்கம் செல்லாது

பாலம் முடிந்துவிட்டது. டெலவேர் ஆற்றின் மேல் வண்டி ஓடிய அந்த அரை நிமிஷத்தில் ஏதாவது செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, என்ன செய்திருப்பேன், நட்டநடுப் பாலத்தில் நிறுத்தி என் மனைவி மங்கையின் மடியிலிருக்கும் பையைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருப்பேனா, பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்தே என்னைக் கொன்றிருப்பான். நியூ ஜெர்சி உங்களை வரவேற்கிறது என்ற பலகை வந்து போயிற்று. நல்ல வரவேற்பு. ஒரு நிமிஷத்துக்கு முன்னால், பென்சில்வேனியாவில், நான் மரியாதைப்பட்ட ஆள், சின்னதாக ஒரு பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறவன், ஷெரிஃப் ஆபீஸில் வரிசையில் நின்று போட்டோ பிடித்து லைசென்ஸ் அட்டை வாங்கியவன், இடுப்பில் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றலாம், எவனும் ஏன் என்று கேட்க மாட்டான். இப்போதும் அதே ஆள்தான், அதே சட்டைதான், பர்ஸில் அதே அட்டைதான், ஆனால் அந்த அட்டை ஆற்றுக்கு இந்தப் பக்கம் செல்லாது. இங்கே பிடித்தால் நேரே ஜெயில், மூன்று வருஷத்துக்குக் குறையாது, நல்லவன் கெட்டவன் பார்க்க மாட்டார்கள் என்று என் கடை வாடிக்கைக்காரன் ரிக் சொல்லியிருக்கிறான். எனக்கு ஜெயிலோடு முடியாது. நான் இன்னும் கிரீன் கார்டுக்காரன், குடியுரிமை இன்டர்வியூ அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, ஜெயிலுக்குப் போய் வந்தால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும், ஆரணியில் போய் என்ன செய்வேன், ஐம்பத்து மூன்று வயதில் யாரிடம் போய் நிற்பேன். இதெல்லாம் இருக்கட்டும், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்றால் மங்கையின் மடியில் இருக்கிறது, அவளுக்கே தெரியாமல், இரண்டு தேங்காய்க்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கும் அடியில், என் கடைத் துண்டில் சுற்றி, கட்டைப்பைக்குள். அவள் அந்தப் பையைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் வைக்கக் கூடாதாம், மங்கலப் பொருள்.

எல்லாம் பரஸ்தானத்தால் வந்தது. இல்லை, என்னால் வந்தது, ஆனால் பரஸ்தானம் இல்லாவிட்டால் வந்திருக்காது. எங்கள் பெண் நித்திலாவுக்கு இன்று பதினொன்றேகாலுக்கு நிச்சயதார்த்தம், எடிசன் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஹால் பிடித்திருக்கிறார்கள், அவள் அங்கேயே வேலை பார்க்கிறவள், தோழிகளோடு காலையிலேயே ஹாலுக்குப் போய்விட்டாள். நாங்கள் ஒன்பதரைக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். மங்கை இதற்கெல்லாம் அசர மாட்டாள், நேற்று நல்ல ஓரையில் தாம்பூலப் பொருளெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டுப் பக்கத்து வீட்டு டோனாவிடம் கொடுத்துவிட்டாள். இதுதான் பரஸ்தானம், பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்ட மாதிரி, அப்புறம் ராகுகாலத்தில் வண்டி ஏறினாலும் தோஷமில்லை, ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பை மறுபடி நம் வீட்டுக்குள் வரக் கூடாது. டோனா ஒன்றும் புரியாமல், பை நிறையத் தேங்காயை வாங்கி வராந்தா நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார வைத்திருந்தாள், பாவம். காலையில் நான் கடையைத் திறந்து வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு வரும் வழியில் டோனா வீட்டில் பையை எடுத்துக்கொள்ள வேண்டும், இது மங்கையின் உத்தரவு. இன்னொரு உத்தரவும் உண்டு, இந்த இரண்டு நாள் அந்தச் சனியன் வீட்டுப் படி ஏறக் கூடாது, கடை டிராயரில் பூட்டிவிட்டு வாங்க என்றாள், சரி என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். டோனா வீட்டு வாசலில் குனிந்து பையைத் தூக்கும்போதுதான் இடுப்பில் அது இடித்தது. மறந்தே போயிருந்தேன். காலையில் செருப்பு மாட்டுகிற மாதிரி அதை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன், இரண்டு வருஷப் பழக்கம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசலில் மங்கை அரக்குப் பட்டில் தட்டுகளோடு நிற்கிறாள், என்னையே பார்க்கிறாள். பதறிப்போய் வண்டிக்குள் உட்கார்ந்து உறையோடு அவிழ்த்துத் துண்டில் சுற்றித் தேங்காய்க்கு அடியில் செருகினேன், வீட்டில் வேட்டி மாற்றப் போகும் சாக்கில் எடுத்துப் போய் அலமாரியில் வைத்துவிடலாம் என்று கணக்கு. வண்டி நிற்பதற்குள் அவள் கதவைப் பூட்டிவிட்டாள்.

"ஒரு நிமிஷம் உள்ள போய்ட்டு வந்துடறேன் மங்கை."

"படி எறங்கியாச்சுங்க. இனிமே யாரும் உள்ள போகக் கூடாது. உங்க வேட்டி சட்டையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன், ஹால்ல மாத்திக்கங்க."

"பாத்ரூம் போகணும்."

"ஒரு மணி நேரத்துல என்ன பாத்ரூம், கடையில போகலியா? நல்ல காரியத்துக்குக் கிளம்பிட்டுத் திரும்பக் கூடாது, பேசாம ஏறுங்க."

பேசாமல் ஏறினேன். ஏறி உட்கார்ந்து, பையை நான் பின்னால் வைக்கிறேன் என்று கை நீட்டினேன், அவள் தரவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும், மங்கை, மறந்துபோய்த் துப்பாக்கியை எடுத்து வந்துவிட்டேன், அவ்வளவுதான், அப்போது சொல்லியிருந்தால் கத்தியிருப்பாள், ஒரு மூச்சு அழுதிருப்பாள், அதற்குள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை. பெண்ணின் நிச்சயத்தன்று இவள் முகம் வாடக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன், பொய், திட்டு வாங்கப் பயம். இந்தப் பயம்தான் என் உடம்பில் முதலில் பிறந்தது, கை கால் எல்லாம் பிறகுதான் வந்தது. பயத்தால்தான் துப்பாக்கியே வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கடைக்குள் வந்தபோது மத்தியானம் இரண்டு மணி, வெளியே நல்ல வெயில், தொப்பி போட்ட மூக்குக் கண்ணாடி ஆள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான், தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை என் நெற்றிக்கு நேரே நீட்டினான். அவன் சொல்வதற்கு முன்பே நான் கல்லாவைத் திறந்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தேன், அவன் படுக்கச் சொல்லவே இல்லை. அவன் போன பிறகும் கால் மணி நேரம் படுத்திருந்தேன். சிப்ஸ் பொட்டலங்களின் அடித்தட்டில் தூசி எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் காபி வாங்க வரும் ரிக் வந்துதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தான், அவனே அடுத்த வாரம் துப்பாக்கிக் கடைக்கும் ஷெரிஃப் ஆபீஸுக்கும் அழைத்துப் போனான், அவனேதான் படித்துப் படித்துச் சொன்னான், நண்பா, எங்கே வேண்டுமானாலும் போ, அதை வைத்துக்கொண்டு நியூ ஜெர்சிக்கு மட்டும் போகாதே. துப்பாக்கி வந்தபின் பயம் போகும் என்று பார்த்தேன், அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்த மாதிரிதான் ஆயிற்று. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் கை இடுப்புக்குப் போகிறது. ஒருநாள் மங்கை பின்னாலிருந்து தோளைத் தொட்டபோதும் கை அங்கே போய்விட்டது. அவள் பார்த்தாள், அன்று ராத்திரி சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

குண்டு போட்டுத்தான் இருக்கிறது. இது இப்போதுதான் உறைக்கிறது. உறைக்குள் இருக்கிறது, விசையில் எதுவும் படாது, படாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் குழல் எந்தப் பக்கம் இருக்கிறது. செருகும்போது பிடி மேலே இருந்ததா கீழே இருந்ததா. வண்டி குலுங்கிக் குலுங்கி இந்நேரம் எப்படிப் புரண்டு கிடக்கிறதோ, கதவுப் பக்கம் பார்க்கிறதா, என் பக்கமா, அவள் வயிற்றுப் பக்கமா. கதவுப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். டோனா வீட்டு வாசலில் வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது, நான் இடது கையால் தேங்காயைத் தூக்கி வலது கையால் செருகினேன், அப்படியானால் பிடி என் பக்கம், குழல் அந்தப் பக்கம், ஆனால் அதன் பிறகு அவள் பையை வாங்கித் திருப்பி வைத்தாளே. திருப்பினாளா.

"ஏங்க, பாக்கு போட்டேனான்னு சந்தேகமா இருக்கு, பாத்துடறேன்."

"போட்டிருப்பே. போட்டிருப்பே. அத இப்பப் பிரிக்காதே, எல்லாம் கொட்டிடும். தண்ணி குடு, தொண்டை காயுது."

தண்ணீர் கொடுத்தாள். மூடியைத் திறந்து கொடுத்தாள். குடித்தேன், பாதி சட்டையில் போயிற்று. உங்களுக்கு உடம்பு சரியில்லையா, ஏன் இப்படி வேர்க்குது, ஏசி போட்டுத்தானே இருக்கு என்றாள், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற கவலை என்றேன், சிரித்தாள், கல்யாணம் இன்னும் ஆறு மாசம் இருக்கு, இப்பவே அழ ஆரம்பிச்சுட்டீங்களா. நான்காம் நம்பர் எக்ஸிட் போயிற்று. ஏழாம் நம்பரில் இறங்கித் திரும்பினால் பத்து நிமிஷத்தில் மறுபடி பாலம், பென்சில்வேனியா, அங்கே நான் மறுபடி மரியாதைப்பட்ட ஆள். ஆனால் எதற்குத் திரும்புகிறோம் என்று சொல்ல வேண்டும். திரும்பக் கூடாது என்று டோனா வீட்டில் பையைக் குடிவைத்தவளிடம் சொல்ல வேண்டும். குண்டை எடுத்துவிட்டு, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்தால் பரவாயில்லை என்றும் ரிக் ஒருமுறை சொன்னான், பரவாயில்லை என்று சொன்னானா, பரவாயில்லாமல் போகலாம் என்று சொன்னானா, அப்போது நான் வாடிக்கைக்காரன் ஒருவனுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன், சரியாகக் காதில் வாங்கவில்லை. பெட்டியும் இல்லை. பெட்டி இருந்தாலும் வழியில் ஓய்வு நிறுத்தத்தில் இறங்கி, கேமராவுக்குக் கீழே, குடும்பங்கள் சாண்ட்விச் தின்னும் மேசைக்குப் பக்கத்தில், என்னைப் போல் நிறமும் மீசையும் உள்ள ஒருவன் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குண்டைக் கழற்றினால் பார்க்கிறவர்கள் என்ன, ஆரத்தியா எடுப்பார்கள். ஏழாம் நம்பரும் போயிற்று. ஐம்பத்தைந்து மைலில் போகிறேன், அறுபத்தைந்து போகலாம், எல்லோரும் எழுபத்தைந்தில் போகிறார்கள். வேகமாகப் போனாலும் நிறுத்துவார்கள், இவ்வளவு மெதுவாகப் போனால் அதைவிடச் சந்தேகம், ஐம்பத்தொன்பதுக்கு ஏற்றினேன். நேர் கோட்டில் போகிறேனா. இருபது வருஷமாக ஓட்டுகிறேன், இன்றைக்குத்தான் நேர் கோட்டில் போகிறேனா என்று பார்க்கிறேன், பார்க்க ஆரம்பித்ததும் வண்டி கோணுகிறது.

இப்படித்தான் அன்றும் வேர்த்தது. இது எங்கிருந்து வருகிறது, இருபத்தெட்டு வருஷமாகத் தலை காட்டாத ஞாபகம். ஆரணியில் பட்டு சொசைட்டியில் வேலை பார்த்தபோது நாலு பேராகப் பாண்டிச்சேரிக்குப் போனோம், திரும்பும்போது ஆளுக்கு இரண்டு பாட்டில், அந்த ஊர்ச் சரக்கு தமிழ்நாட்டுக்குள் வரக் கூடாது. கோரிமேடு செக்போஸ்ட்டில் பஸ் நின்றது, ஏட்டு ஒருவர் ஏறினார், முன் சீட்டிலிருந்து ஒவ்வொருவரின் பையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பை கால் அருகில் இருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, இதை இன்றைக்கும் சொல்வேன், யோசித்துச் செய்யவில்லை, கால்தான் செய்தது, கால் பையை மெல்ல முன் சீட்டுக்கு அடியில் தள்ளியது. முன் சீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், நீல நிறக் கட்டம் போட்ட சட்டை, கையில் எக்ஸ்ரே கவர், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவர். இது யாருது என்று ஏட்டு கேட்டார். தூங்கினவர் முழித்துப் பார்த்து, எனக்குத் தெரியாதுங்க சார் என்றார், எல்லாரும் அதையே சொல்றீங்கடா என்று காலரைப் பிடித்து இறக்கினார்கள். பஸ் கிளம்பிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எக்ஸ்ரே கவரை வெயிலுக்குத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றார். என் நண்பர்கள் தோளில் தட்டினார்கள், பெரிய கில்லாடிடா நீ. நானும் சிரித்தேன். அன்றைக்கு எவ்வளவு நேரம் அவரை நிறுத்தி வைத்தார்களோ, அடித்தார்களோ, அந்த எக்ஸ்ரே யாருடையதோ.

எதற்கு இது இப்போது. பை மங்கையின் மடியில் இருக்கிறது, அதற்கு இது. நினைக்கக் கூடாது என்று எத்தனை நேரம் சுற்றிப் போனாலும் இங்கேதான் வந்து இடிக்கிறது. பை அவள் மடியில் இருக்கிறது, அவள் கட்டிய பை, அவள் பொருள், அவள் கை. மங்கை ஐந்து வருஷத்துக்கு முன்பே குடியுரிமை வாங்கிவிட்டாள், பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சைக்கான நூறு கேள்வியும் மனப்பாடம் செய்து, நீங்களும் எழுதுங்க எழுதுங்க என்று நச்சரித்தாள், ஆரணி வீட்டுமனையை விற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் நான். அவளை நாடு கடத்த முடியாது. என்னை முடியும். இதில் என்ன தவறு, சும்மா ஒரு கணக்கு, எவன் மனதிலும் ஓடும். பெண்பிள்ளை, இதுவரை ஒரு பார்க்கிங் அபராதம்கூடக் கட்டாதவள், நீதிபதி இரக்கப்படுவார். லைசென்ஸில் என் பெயர் இருக்கிறதே, இருந்தால் என்ன, வீட்டில் இருந்ததை அவள் எடுத்துப் போட்டிருக்கலாம் இல்லையா, தெரியாமல் போட்டிருக்கலாம், நான் வண்டி ஓட்டுகிறவன், பைக்குள் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும். சீச்சீ. தலையை உதறிக்கொண்டேன். உதறினால் போகிற சங்கதியா. திரும்பி அவளைப் பார்த்தேன், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், தண்ணீர் கொடுத்ததிலிருந்து பேச்சே இல்லை, உதடு மட்டும் அசைந்தது, கந்த சஷ்டியோ என்னவோ. காதோரம் நாலு முடி நரைத்திருக்கிறது, மை போட்டும் தெரிகிறது. கையிரண்டும் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் என் துணியைத் துவைத்தவள்.

அப்போதுதான் கண்ணாடியில் விளக்கு சுழன்றது. சிவப்பு, நீலம், சிவப்பு, எனக்கு நேர் பின்னால், முன்னால் போகிற வண்டிகளெல்லாம் விலகுகின்றன, நானும் விலகி ஓரம் கட்டினேன். நின்றேன். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே, ரிக் சொல்லிக் கொடுத்தது, விரல் விரித்து, தெரிகிற மாதிரி. போலீஸ் வண்டி சைரனோடு நெருங்கியது. அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வாக்கியம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. தமிழில் இல்லை, சுத்தமான ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல், கல்லாவுக்குப் பின்னால் நின்று பேசும் என் உடைசல் ஆங்கிலம் இல்லை, அந்தப் பை என் மனைவியுடையது ஐயா, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தொண்டைகூடக் காயவில்லை. போலீஸ்காரர் ஜன்னலருகில் வந்திருந்தால், குனிந்திருந்தால், வண்டியில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போலீஸ் வண்டி எங்களைத் தாண்டி அதே வேகத்தில் போயிற்று, தூரத்தில் வெள்ளைக் கார் ஒன்றின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. எங்கள் வண்டி அந்தக் காற்றில் ஒருமுறை ஆடி நின்றது. எல்லோரும் அவரவர் வழியே போகிறார்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

மங்கை கண்ணைத் திறந்திருந்தாள். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பிறகு கட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாக்கு இருக்கான்னு நீங்க தண்ணி குடிக்கறப்பவே கை விட்டுப் பாத்துட்டேங்க. துண்டு தட்டுப்பட்டுது. உள்ள என்னன்னு தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். மறந்துட்டீங்க, எனக்குப் பயந்து சொல்லல, அவ்வளவுதான். ரிக் இந்த ஊரப் பத்திச் சொன்னத என்கிட்டயும்தான் சொல்லியிருக்கீங்க. போலீஸ் வந்து கேட்டா என்னுதுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். என் பை, நான்தான் வெச்சேன், வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. என்னை எங்க அனுப்ப முடியும் அவங்களால? உங்களுக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ."

"மங்கை..."

"அடுத்த எக்ஸிட்ல எறங்கித் திருப்புங்க. வீட்ல வெச்சுட்டே போவோம். நித்திலாகிட்டயும் சம்பந்திங்ககிட்டயும் டயர் பஞ்சர்னு நான் பேசிக்கறேன், பன்னெண்டு மணி வரைக்கும் முகூர்த்தம் இருக்கு."

திரும்பச் சொல்கிறாள். திரும்பக் கூடாது என்றவள் திரும்பச் சொல்கிறாள். அழுதுகொண்டே இன்டிகேட்டர் போட்டேன், அந்த டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய லாரி ஒன்று போகட்டும் என்று காத்திருந்தோம். அவள் பையை மறுபடி சரியாக மடியில் வைத்துக்கொண்டாள், என் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள், சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே பயம் என்னன்னா, நீங்க முந்திக்கிட்டு உங்களுதுன்னு சொல்லிடுவீங்களேன்னுதான். அதான் பையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்."

ரோடு காலியாக இருந்தது. பின்னால் யாரும் வரவில்லை. வண்டியை எடுங்க என்று அவள் இரண்டாம் முறை சொல்லும் வரை நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.